வாசகர் கேள்வி–பதில்: கஞ்சமலைத் தாது போன ஊருக்கு ஒரு சைக்கிள் பயணம்

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து, மண் பாதையிலும் ஓட்டத் தக்க அகல டயர் கொண்ட கிராவல் சைக்கிள் வாங்கியிருக்கிறோம். நெடுஞ்சாலையைத் தவிர்த்து, மண் பாதைகளிலும் கப்பிச் சாலைகளிலும் ஓட்டியபடி, பழைய வரலாறு உள்ள கடலோர ஊர்களைப் பார்க்க விரும்புகிறோம். எங்கே தொடங்கி எங்கே முடிக்கலாம்?
— வாசகர் ஒருவர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: பரங்கிப்பேட்டையில் தொடங்கித் தரங்கம்பாடியில் முடியுங்கள். மாமல்லபுரம் பக்கம் போகச் சொல்பவர்கள் பலர் இருப்பார்கள். ஆனால் சேலத்துக்காரர்களுக்குப் பரங்கிப்பேட்டையோடு ஓர் உறவு உண்டு. 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே நிறுவிய இரும்பு ஆலைக்கு வேண்டிய தாது, நம் மாவட்டத்து மலைகளிலிருந்துதான் சென்றது. மாட்டு வண்டிகளில் காவிரிக் கரைக்குக் கொண்டுபோய், பரிசல்களில் ஏற்றி, காவிரியிலும் கொள்ளிடத்திலுமாக அதைக் கடலோரம் வரை இறக்கியிருக்கிறார்கள். உலைக்கு மரக்கரியே எரிபொருள் என்பதால் விறகுக்காகக் காடுகள் அழிந்தன; விறகு தொலைவிலிருந்து வர வரச் செலவும் ஏறியது. கடைசியில் ஆலை நிலைக்கவில்லை. கஞ்சமலை அடிவாரத்தில் இன்று உருக்காலை இருப்பதைப் பார்க்கும் நமக்கு, தாதுவை ஏன் அவ்வளவு தூரம் சுமந்தார்கள் என்று தோன்றும். கப்பலில் ஏற்றி அனுப்பும் வசதி கடற்கரையில்தானே இருந்தது! அதே பரங்கிப்பேட்டையில்தான் 1781 ஜூலையில் ஹைதர் அலியின் படையும் ஐயர் கூட் (Eyre Coote) என்ற ஆங்கிலத் தளபதியின் தலைமையிலான கிழக்கிந்தியக் கும்பினிப் படையும் மோதின.

வழியைப் பொறுத்தவரை, கடலை ஒட்டியே போக வேண்டும் என்ற பிடிவாதத்தை முதலில் விட்டுவிடுங்கள். வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி ஆகிய மூன்றும் அடுத்தடுத்துக் கடலில் கலக்கும் பகுதி இது. வரைபடத்தில் கரையோரமாக நேர்கோடு போலத் தெரியும் பாதை, நேரில் ஏதாவது ஒரு முகத்துவாரத்திலோ உப்பங்கழியிலோ முட்டி நின்றுவிடும். ஆகவே பரங்கிப்பேட்டையிலிருந்து பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காட்டின் ஓரம் வரை சென்று பார்த்துவிட்டு, சிதம்பரத்திற்கு உள்வாங்கி, கொள்ளிடத்தைச் சீர்காழிச் சாலையின் பாலத்தில் கடப்பதே சரி. பாலத்தைத் தாண்டிய பிறகு நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, வாய்க்கால் கரைகளையும் வயல்களுக்கு நடுவே செல்லும் கப்பிச் சாலைகளையும் பிடித்துக்கொண்டு திருவெண்காடு வழியாகப் பூம்புகாருக்குப் போகலாம். இறால் பண்ணைகளின் கரைகள் அகலமாகவும் கெட்டியாகவும் இருந்து ஆசை காட்டும். அவை தனியாருடையவை, கேட்காமல் ஏறக் கூடாது.

பூம்புகாரில் பெரிய கோட்டையையோ கோபுரத்தையோ எதிர்பார்த்துச் செல்பவர்கள் ஏமாந்து திரும்புவது வழக்கம். அங்கே பார்க்க வேண்டியது, தொல்லியல் துறை அகழ்ந்தெடுத்த பல்லவனேசுவரத்துப் புத்த விகாரத்தின் அடித்தளமும், கீழையூரில் கிடைத்த பழைய படகுத்துறையின் செங்கல் கட்டுமானமும்தான். தரை மட்டத்தில் இருக்கும் அவற்றைக் காரில் போகிறவர்கள் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள்; சைக்கிளில் போவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்து வானகிரி, சின்னங்குடி ஆகிய மீனவ ஊர்களின் பக்கமாகத் தெற்கே சென்றால் தரங்கம்பாடி வரும். தஞ்சை இரகுநாத நாயக்கரின் அனுமதியோடு டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை, 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1718-இல் கட்டி முடித்த புதிய எருசலேம் தேவாலயம், கடல் அரித்தது போக எஞ்சி நின்ற மாசிலாமணிநாதர் கோயில் ஆகிய மூன்றும் நடந்தே பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. டேனிஷ்காரர்கள் 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். துறைமுகத்தின் மவுசு குறைந்ததால்தான் பழைய தெருக்கள் அதிகம் மாறாமல் தப்பின என்று நினைக்கிறேன்.

கேள்வி: எந்த மாதத்தில் போவது நல்லது? சைக்கிளை ரயிலில் கொண்டுபோக முடியுமா?
— வாசகி, ஆத்தூர்

பதில்: பொங்கல் கழிந்து பிப்ரவரி முடியும் வரை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது டெல்டாவின் களிமண் சக்கரத்திலும் பிரேக்கிலும் அப்பிக்கொண்டு வண்டியை உருளவே விடாது. தை, மாசியில் தரை இறுகிவிடும்; காற்றும் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசுவதால், வடக்கிலிருந்து தெற்கே செல்பவருக்கு அது முதுகுக்குத் துணை. சித்திரையில் போவதாயிருந்தால் இதே வழியைத் தலைகீழாக்கி, தெற்கிலிருந்து வடக்கே வாருங்கள். சம்பா அறுவடைக் காலத்தில் ஊர்ச்சாலைகளில் நெல் காயப் போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏறாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை. ரயிலுக்கு, சேலத்திலிருந்து உங்கள் ஆத்தூர், விருத்தாசலம் வழியாகக் கடலூர் துறைமுகம் வரை பாதை இருக்கிறது. முன்சக்கரத்தைக் கழற்றி உறையில் இட்டு, பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏற்காடு மலைப்பாதையில் வாரந்தோறும் ஏறுகிறேன். இந்தப் பயிற்சி போதாதா? டயர் எப்படி இருக்க வேண்டும்?
— கல்லூரி மாணவர், கன்னங்குறிச்சி

பதில்: மூச்சுக்குப் போதும், உட்கார்ந்திருப்பதற்குப் போதாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எழுந்து மிதிக்கிறோம், இறங்கும்போது மிதிக்காமலே வருகிறோம். டெல்டாவில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மணிக்கணக்கில் ஒரே இருப்பில் ஓயாமல் மிதிக்க வேண்டியிருக்கும். அதற்குக் கஞ்சமலையைச் சுற்றியுள்ள இளம்பிள்ளை, சித்தர்கோயில் பக்கத்து மண் பாதைகளே நல்ல பயிற்சிக் களம். ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களுக்குள் இருக்கும் பாதைகள் எஸ்டேட்காரர்களுடையவை என்பதால் வாசலில் அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும்; விடியற்காலைப் பனிமூட்டத்தில் காட்டெருமை எதிரே நிற்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டயர் 40 மில்லிமீட்டர் அகலத்திற்குக் குறையாமல் இருக்கட்டும். எழுபது கிலோ எடையுள்ளவருக்கு 35 முதல் 40 பி.எஸ்.ஐ. காற்று போதுமானது; பின்சக்கரத்தில் சற்றே கூடுதலாக இருக்கலாம். கல்லென்று காற்றடித்தால் கப்பிச் சாலையில் கைதான் மரத்துப்போகும். கடலோரத்தின் உண்மையான எதிரி சீமைக் கருவேல முள். கரைகளில் வெட்டிப் போட்ட கிளைகளின் முள், டயரையும் டியூபையும் ஒருசேரத் துளைத்துவிடும். முடிந்தால் டியூப்லெஸ் டயரில், ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றி ஓட்டுங்கள். இல்லையென்றால் மாற்று டியூபுகளும் கைப்பம்பும் இல்லாமல் கிளம்பாதீர்கள். உப்புக் காற்றில் செயின் விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், தங்கும் இடத்தில் நல்ல தண்ணீரால் துடைத்து எண்ணெய் விடுவது அன்றாட வேலை. கடலோர ஊர்களில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும். குடிதண்ணீரைச் சிதம்பரத்திலும் சீர்காழியிலும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற ஆசிரியை நான். சாதாரண கியர் சைக்கிள்தான் வைத்திருக்கிறேன். இதெல்லாம் என் வயதுக்கு ஆகுமா?
— வாசகி, ஏற்காடு

பதில்: தாராளமாக ஆகும், அம்மா. நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் என்று பிரித்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் அன்றைய தூரத்தை முடித்துவிடுங்கள். பரங்கிப்பேட்டை, சிதம்பரம், சீர்காழி, வைத்தீசுவரன்கோயில், மயிலாடுதுறை என ரயில் நிலையங்கள் இந்த வழிக்கு இணையாகவே வருகின்றன. எந்த இடத்தில் அலுப்புத் தட்டினாலும் மேற்கே திரும்பி ஒரு நிலையத்தை அடைந்துவிடலாம். மயிலாடுதுறையிலிருந்து திருச்சி, கரூர், நாமக்கல் வழியாகச் சேலத்திற்கே ரயில் இருக்கிறது.