கொட்டாப்புளிக்கு தேக்கு வேணாம், விறகுக்கடைக்கு போங்க

அம்பத்தூர்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காரு. ஃப்ளாட் பால்கனியில ஒரு பெஞ்ச் போட்டு சின்னச் சின்ன மரவேலை பண்றாராம், இரும்பு சுத்தியல்ல அடிச்சு ரெண்டு உளியோட பிடி பிளந்து போச்சு, சரின்னு பழைய கதவு நிலையில மீந்த தேக்குல கொட்டாப்புளி, அதாவது உளிய அடிக்கிற மரச் சுத்தியல், செஞ்சாரு, அது ரெண்டே மாசத்துல தலை வெடிச்சு பிடி ஆட ஆரம்பிச்சிருச்சு. எந்த மரம் வாங்கணும், பிடி கழண்டு பறக்காம எப்படி மாட்டணும்னு கேக்குறாரு.

சார், தேக்கு நல்ல மரம்தான், ஆனா அடி வாங்குற மரம் இல்ல. வெயிட்டும் கம்மி, நார் நேரா ஓடுறதால சீக்கிரம் பிளந்துக்கும். நம்ம ஊர் ஆசாரிங்க கொட்டாப்புளிக்கு புளியங்கட்டை தேடுறது சும்மா இல்ல, அதுல நார் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு கிடக்கும், பிளக்க இடமே குடுக்காது. ஆனா உள்ள இருக்குற கருஞ்சிவப்பு வைரத்த, அதான் அந்த கெட்டிப் பாகத்த, மட்டும் எடுங்க. நான் ஒரு தடவ பேராசைப்பட்டு மஞ்சள் பாகத்தையும் சேத்து செஞ்சுட்டேன், மழை முடிஞ்சு ஷெல்ஃப பாத்தா கீழ கோதுமை மாவு கொட்டுன மாதிரி குவியல், வண்டு சல்லடையா தொளச்சு வெச்சிருந்துச்சு.

புளி கிடைக்கலன்னா சிடன்ஹாம்ஸ் ரோடு மரக்கடையில காச கொட்டாதீங்க, பக்கத்து விறகுக்கடைக்கு போயி சீமைக்கருவேலம் கேளுங்க. ஊரே திட்டுற மரம்தான், ஆனா நல்ல கனம், காயும்போது ரொம்ப சுருங்காது. கோணல்மாணலா இருக்கும், பரவால்ல, நமக்கு வேண்டியது அஞ்சு இன்ச் துண்டுதானே. நடுத்தண்டு, அதாவது கட்டையோட நட்டநடு மையம், இல்லாத துண்டா பாத்து எடுங்க, நடுத்தண்டு இருந்தா காயும்போது அங்கேருந்துதான் வெடிக்கும். ஈரமா இருந்தா ரெண்டு முனையிலயும் பழைய பெயின்ட் அடிச்சு நிழல்ல போட்டுட்டு மறந்துடுங்க, ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு வருஷம்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க.

அளவு, நீளம் 5 இன்ச், உயரம் மூணரை, கனம் ரெண்டரை. புளி வைரத்துல இது அறுநூறு கிராம் பக்கம் வரும், உளி வேலைக்கு தாராளம். உளில படுற ரெண்டு பக்கமும்தான் அடிமுகம், நார் ஒரு அடிமுகத்துல இருந்து இன்னொரு அடிமுகத்துக்கு ஓடணும், குறுக்க ஓடுனா அடிக்க அடிக்க சில்லு சில்லா பேந்துடும்.

இப்ப பிடி விஷயம். நீங்க கோடாலிக்கு மாட்டுற மாதிரி ஆப்பு வெச்சு இறுக்கிருப்பீங்கன்னு நினைக்கிறேன், அந்த ஆப்பு நார் ஓடுற வாக்குலயே போயிருந்தா தலைய பிளந்ததே அதுதான், உங்களுக்கு நீங்களே ஆப்பு வெச்ச கதை. கொட்டாப்புளிக்கு ஆப்பே வேணாம். துளைய மேல ஒண்ணரை இன்ச், கீழ ஒண்ணேகால் இன்ச்னு வெட்டுங்க, ரெண்டு நூல், அதாவது கால் இன்ச்தான் வித்தியாசம். பிடியும் அதே சாய்வு, மேல இருந்து கீழ சொருகணும். ஓங்கும்போது தலை மேல் பக்கமா போகப் பாக்கும், அங்க பிடி அகலமா இருக்கு, தானா இறுகிடும். பிடி மேல அரை இன்ச் நீட்டிக்கிட்டு இருக்கட்டும், ஐப்பசி மழைக்கு மரம் ஊதி, கத்திரி வெயிலுக்கு சுருங்கி லூஸ் ஆனா, மேல ஒரு தட்டு தட்டுனா போதும்.

இவ்ளோ கெட்டி மரத்துல சாய்வா துளை வெட்டுறது கஷ்டம்தான். அதுக்கு குறுக்கு வழி, தலைய மூணு அடுக்கா ஒட்டுங்க. வெளி அடுக்கு ரெண்டும் முக்கால் இன்ச், நடு அடுக்கு ஒரு இன்ச். நடு அடுக்க ரெண்டா அறுத்து பிடி போற அளவு சாய்வா இடைவெளி விட்டா துளை தானா வந்துடும். ஒட்டும்போது பிடிக்கு செல்லோடேப் சுத்தி உள்ள வெச்சு ஃபெவிகால் போட்டு ஒரு நாள் கிளாம்ப்ல விடுங்க, டேப் சுத்தலன்னா பிடியும் சேந்தே ஒட்டிக்கும். அந்த தேக்கு மிச்சம் இருந்தா பிடிக்கு போதும், 13 இன்ச், நார் நேரா இருக்கணும்.

அடிமுகம் ரெண்டையும் கீழ் பக்கம் லேசா உள்ள சாயுற மாதிரி இழைங்க, அப்பதான் கை வளைஞ்சு வரும்போது உளி தலைல முழுசா உக்காரும். ஓரம் எல்லாத்தையும் மழுக்கிடுங்க. வார்னிஷ் வேணாம், கை வழுக்கும், ஆளிவிதை எண்ணெய் ரெண்டு கோட் போதும். தொடச்ச துணிய மட்டும் சுருட்டி மூலைல போட்டுடாதீங்க, அது தானா சூடாகி தீப்பிடிக்கும், பால்கனி கொடில விரிச்சு காயப் போடுங்க.