புல் வெட்டும் மிஷினும் பத்திரமாக வைத்த பில்லும்

கேள்வி: தென்னந்தோப்புக்கு பிரஷ் கட்டர் வாங்கிப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. பிளேடுக்கு மேலே இருக்கும் கியர் உடைந்துவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லிலேயே இருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர். (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள் அம்மா. குறையுள்ள பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர வேண்டும். கெடு போடாவிட்டால் 30 நாள். மறுத்தால் அது முறையற்ற வணிகம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். உடைந்த கியரைப் படம் எடுத்து வையுங்கள், வேறு யாரையும் கழற்ற விடாதீர்கள். கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்ச ரூபாய் வரையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணமே கிடையாது. உங்கள் பணம் அது, விடாதீர்கள்.

கேள்வி: டூ ஸ்ட்ரோக் மிஷினில் ஆயில் கலக்காமல் பெட்ரோல் ஊற்றி ஓட்டினேன். இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது. வாரண்டி இல்லை என்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம், தவறு உங்களுடையது. 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்றால், லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்). அதைக்கூடப் படிக்காமல் கயிற்றை இழுத்தால் யார் என்ன செய்வது?

கேள்வி: ஆறு மாதம் ஷெட்டில் கிடந்த மிஷின் ஸ்டார்ட் ஆகவில்லை. கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.

பதில்: டேங்கில் பெட்ரோலை விட்டுவிட்டு வைத்தீர்களா? எத்தனை முறை எழுதியும் இந்தக் கடிதம் மட்டும் நிற்கவில்லை. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பெட்ரோல் பழசானால் பிசின் மாதிரி படிந்து, கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் ஊசித்துளை போன்ற ஜெட்டை அடைத்துவிடும். அதனால் முதலில் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வு விறைத்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். அப்படியும் ஓடாவிட்டால்தான் புது கார்புரேட்டர். இனிமேல் மிஷினை எடுத்து வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். கியர் பெட்டிக்கு கிரீஸ் வையுங்கள். எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலை.

கேள்வி: கண்காட்சியில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

பதில்: நானும் அப்படி ஒன்று வாங்கினேன். நாலாவது மாதம் கிளட்ச் போனது. பில்லில் இருந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை, மூன்று ஊரில் தேடியும் அந்த அளவு ஸ்பேர் கிடைக்கவில்லை. மிஷின் இன்றும் சுவரோரம் நிற்கிறது. வாங்கும் முன் உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் மாடலைச் சொல்லி, கிளட்சும் கார்புரேட்டரும் கிடைக்குமா என்று கேளுங்கள். அவர் தலையை ஆட்டாவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள்.