மச்சினன் மெஸ்ஸுக்குத் தேய்க்கும் கார்டு

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். மாதச் சம்பளம் 42,000. மனைவியின் தம்பி பி.என். ரோட்டுப் பக்கம் சின்ன மெஸ் நடத்துகிறான். அமெரிக்க வரி ஏறியதிலிருந்து நைட் ஷிஃப்ட் குறைந்து, அவனுக்கு வியாபாரம் பாதியாகிவிட்டது. கைகொடுப்போம் என்று மாதம் சுமார் 55,000 ரூபாய்க்கு மளிகையை என் கிரெடிட் கார்டில் வாங்கித் தருகிறேன். வாராவாரம் ரொக்கமாகத் திருப்பித் தந்துவிடுவான். பாக்கி 40,000 மட்டும் நிற்கிறது. ஆனால் கார்டில் நிலுவை 1.8 லட்சம்! மாதம் 10,000 கட்டியும் குறையவில்லை. இப்போது கியூஆர் கோடு கம்பெனி அவனுக்கு 2 லட்சம் உடனடிக் கடன் தருகிறதாம். வாங்கச் சொல்லலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இருக்கும் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மச்சினன் தர வேண்டியது 40,000. கார்டில் நிற்பது 1,80,000. மீதி 1,40,000 எங்கே? வட்டியாக ஏறியது போக, அவர் கொடுத்த ரொக்கம் உங்கள் வீட்டில்தான் செலவாகியிருக்கிறது. ஸ்கூல் ஃபீஸ், தீபாவளித் துணி, வண்டி சர்வீஸ் என்று போயிருக்கும். கையில் வந்த நோட்டு வருமானம் மாதிரி தெரிந்திருக்கும், ஆனால் அது வங்கியின் பணம். மெஸ் உங்களைக் கடனில் தள்ளவில்லை என்று சொல்ல எனக்கும் சங்கடம்தான், ஆனாலும் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

இதற்கு ஆகும் செலவைப் பாருங்கள். கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 6,300 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,134. மொத்தம் சுமார் 7,400. நீங்கள் கட்டும் 10,000ல் அசலுக்குப் போவது 2,600தான். நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், 45 நாள் சலுகையெல்லாம் கிடையாது. கேஷ்பேக் வருகிறதே என்பீர்கள். ஒரு சதவீதம் என்றாலும் 55,000க்கு 550 ரூபாய். அதற்காக 7,400 கொடுக்கிறீர்கள்.

இந்த வட்டியை மெஸ் கணக்கிலும் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு 250 ரூபாய் ஆகிறது. 90 ரூபாய் சாப்பாட்டில் அரிசி, கேஸ், கூலி, வாடகை எல்லாம் போக 15 ரூபாய் நின்றால் பெரிது. ஆக, தினமும் முதல் 17 இலை வங்கிக்கு. கூட்டம் பாதியான கடையால் இதைத் தாங்க முடியாது. இப்போது அவருக்குப் பதில் நீங்கள் தாங்குகிறீர்கள்.

நீங்கள் யோசிக்காத இன்னொன்றும் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 அன்று 50 சதவீதமான அந்த வரி அடித்தது மெஸ்ஸை மட்டுமல்ல. உங்கள் சம்பளமும் அதே ஏற்றுமதி ஆர்டரில்தான் தொங்குகிறது. அவருக்குக் கூட்டம் இல்லாத மாதத்தில் உங்களுக்கும் சம்பளம் தள்ளிப்போகலாம். ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் இரண்டு வருமானத்தில் ஒன்று மற்றொன்றுக்குக் கடன் வாங்கித் தருவது சரியில்லை.

உடனடிக் கடன் வேண்டவே வேண்டாம். அந்த மாதிரித் திட்டங்களில் சொல்வது பெரும்பாலும் இப்படி இருக்கும்: 2 லட்சம் வாங்கி, தினமும் 2,000 வீதம் 120 நாள் பிடித்தம். ‘வெறும் 20 சதவீதம்’ என்பார்கள். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், வருடக் கணக்கில் பார்த்தால் வட்டி 100 சதவீதத்தைத் தாண்டும். நம் ஊர் தண்டல்தான், போனுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவருக்கு வியாபாரத்தில் போடப் பணம் தேவைதான் என்றால் சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்துகொண்டு, சிறு வியாபாரிகளுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ரா கடனை வங்கியில் கேட்கட்டும். கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் தருகிறார்கள். அலைய வேண்டியிருக்கும், அலையட்டும். எங்காவது ஜாமீன் கையெழுத்து கேட்டால் மட்டும் நீங்கள் போடாதீர்கள். கடனாளிக்கு உள்ள அதே பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு.

சரி, 1.8 லட்சத்துக்கு என்ன வழி? முதலில் கார்டைப் பீரோவில் வையுங்கள். மளிகைக்கடைக்காரரிடம் மச்சினனே தன் பேரில் பதினைந்து நாள் பற்று கேட்கட்டும். அப்புறம் மூன்று நான்கு பவுன் நகையை வங்கியில் வைத்து கார்டை ஒரேயடியாக அடையுங்கள். 10 சதவீத வட்டியில் அதே 10,000 கட்டினால் 20 மாதத்தில் முடியும், மொத்தம் 1.96 லட்சம். கார்டிலேயே விட்டால், இனி ஒரு ரூபாய்கூடத் தேய்க்காவிட்டாலும் 34 மாதம், 3.36 லட்சம். நகைக்கடனை ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கச் சொல்வார்கள், நடுவில் அசலில் கட்டிக்கொண்டே வாருங்கள். நகை உங்கள் மனைவியுடையது என்றால் இந்தக் கணக்கு முழுவதையும் அவரிடம் காட்டிவிட்டுக் கேளுங்கள். தம்பிக்காக என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். கார்டை நிறுத்தாமல் நகையை வைத்தால் ஆறே மாதத்தில் இரண்டு கடனும் நிற்கும்.

மச்சினனுக்கு உதவ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த மாதிரிச் சின்ன மெஸ்கள் மூடினால் ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் எங்கே சாப்பிடுவான்? நிற்கும் 40,000ஐ ஆறு மாதம் கேட்காதீர்கள். உங்கள் சம்பளத்துக்கு அதுதான் உச்சவரம்பு, அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். கம்பெனியில் பையர் வரும் நாள், ஓவர்டைம் நாள் சாப்பாட்டு ஆர்டர் அவருக்குப் போகுமா என்று கேட்டுப் பாருங்கள். சாப்பாடு டெலிவரி ஆப்பில் போட்டால் நூறு ரூபாயில் இருபதுக்கு மேல் கமிஷனுக்குப் போகும். போனில் சொல்லிவிட்டு நேரில் வாங்கும்படி நண்பர்களிடம் சொல்லுங்கள். மாத டோக்கன் போடலாம் என்பார். போடட்டும், ஆனால் பத்து நாள் டோக்கனுக்கு மேல் விற்க வேண்டாம். முன்பணம் இன்று கைக்கு வரும், சாப்பாடு அடுத்த மாதம் போட வேண்டியிருக்கும்.

நீங்கள் குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டால் ‘பாக்கியில கழிச்சுக்கோ’ என்று எழுந்து வராதீர்கள். ஒரு சாப்பாட்டுக்கு 90 என்றால் அந்த 90ஐக் கையில் கொடுங்கள். மறுநாள் காலை மார்க்கெட்டில் காய்கறிக்கு அவருக்கு ரொக்கம் வேண்டும்.