பினாங்கில் நடப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் நானும் தங்கையும் பினாங்கு போகிறோம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பினாங்கு. அங்கே இரண்டு நாள்தான். எனக்கு அறுபது நெருங்குகிறது, முழங்கால் கொஞ்சம் தொந்தரவு. இருந்தாலும் பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ் டவுனை நடந்து பார்க்க ஆசை. மகன் "வெயில்ல எதுக்கும்மா, கார் வச்சுக்கோங்க" என்கிறான். சுவரோவியங்கள் இருக்கும் இடங்களையெல்லாம் குறித்து ஒரு வரைபடமும் அனுப்பியிருக்கிறான். தங்கையோ, மாரியம்மன் கோயிலும் தர்காவும் நம்ம பக்கத்திலேயே இருக்கிறதே, அதைப் பார்க்கவா கடல் தாண்டிப் போகிறோம் என்று கேட்கிறாள். நீங்கள் என்ன சொல்வீர்கள்? (தங்கை சுத்த சைவம்.)

ச., திருச்சி

அன்புள்ள ச. அவர்களுக்கு,

நடந்தே பாருங்கள். பினாங்கு மலைக்கும் கெக் லோக் சி என்ற பௌத்தக் கோயிலுக்கும் கார் வேண்டும், அதற்கு ஒரு பிற்பகலை ஒதுக்கிவிடுங்கள். ஜார்ஜ் டவுனுக்குள் கார் தொல்லைதான். 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பழைய நகரத்தின் மையப் பகுதி மொத்தமே சுமார் 109 ஹெக்டேர், நம் கணக்கில் 270 ஏக்கர். முழங்கால் மக்கர் செய்தால் ஊருக்குள் சுற்றும் இலவசப் பேருந்து இருக்கிறது.

முடிந்தால் விமானத்தை விட்டுவிட்டு கோலாலம்பூரிலிருந்து ரயிலில் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வந்து, அங்கே படகேறி வாருங்கள். படகுத்துறையிலிருந்து வெளியே வந்தாலே பழைய ஊர்தான். கொஞ்சம் உள்ளே நடந்தால் பீச் ஸ்ட்ரீட் வரும். கரையும் இருக்காது, அலையும் இருக்காது, வரிசையாக வங்கிக் கட்டடங்கள். 1786இல் ஃபிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் இந்த ஊரைத் தொடங்கியபோது கடல் அந்தத் தெருவரை இருந்தது. 1880களில் கடலைத் தூர்த்துத்தான் வெல்ட் கீ என்ற துறைமுகச் சாலையைப் போட்டார்கள். ஆக நீங்கள் முதலில் நடப்பது ஒரு காலத்தில் தண்ணீராக இருந்த இடத்தில். கடற்கரை ஊர் என்று நம்பி மணலில் கால் நனைக்க நினைக்காதீர்கள். அதற்கு ‘பத்து ஃபெரிங்கி’ என்ற கடற்கரை வரை போக வேண்டும்.

தங்கை கேட்டது நல்ல கேள்வி. கோயிலை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. நம் ஊர்க் கோயில்களோடு ஒப்பிட்டால் அது நேற்றுக் கட்டியது, கோபுரமும் சின்னது. ஆனால் அது எதற்கு நடுவில் இருக்கிறது என்பதை நடந்தால்தான் பார்க்க முடியும். பழைய பிட் ஸ்ட்ரீட், இப்போது மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலை, அதன் வடமுனையிலிருந்து தொடங்குங்கள். முதலில் 1818இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்ச தூரத்தில் சீனர்களின் குவான் யின் கோயில், வாசலெல்லாம் ஊதுபத்திப் புகையும் புறாக்களும். அதைத் தாண்டி இடப்பக்கம் ஒரு தெரு தள்ளினால் நம் மாரியம்மன். திரும்பி வந்து தெற்கே நடந்தால், தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் மொகிதீன் 1801இல் தொடங்கிய பள்ளிவாசல். இன்னும் போனால் கூ என்ற சீனக் குலத்தாரின் கோங்சி (குலச் சங்க மாளிகை), அதற்கப்பால் 1808இல் எழுந்த ஆச்சே தெருப் பள்ளிவாசல். எல்லாம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குள். கார்க்காரர் இவற்றில் இரண்டில் நிறுத்துவார், மற்றதைக் கை காட்டுவார்.

நாகூர் தர்காவும் அப்படித்தான். சூலியா ஸ்ட்ரீட் முனையில் கடைகளுக்கு நடுவே இருக்கிறது. சாகுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருப்பது நம் நாகூரில். இங்கே இருப்பது கடல் தாண்டி வந்த தமிழ் முஸ்லிம்கள் அவர் நினைவாக எழுப்பியது. நாகூருக்குப் போய் வந்தவர் இதற்குள் நுழைந்தால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. தங்கை என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.

வெயிலுக்கு அந்த ஊர்க்காரர்களே வழி செய்து வைத்திருக்கிறார்கள். கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் கடைவீடுகளின் முன்பக்கம், மாடிக்குக் கீழே, கூரை போட்ட நடைவழி. ஐந்தடி நடை என்பார்கள். 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட திட்டத்தில் வந்த விதி, பிறகு பினாங்குக்கும் பரவியது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவரவர் வசதிக்குத் தளம் போட்டதால் வீட்டுக்கு வீடு உயரம் மாறும், ஓடு மாறும். அந்த ஓடுகளைப் பார்த்துக்கொண்டே ஒரு தெரு முழுக்க நடக்கலாம், நான் அப்படி நடந்திருக்கிறேன். சில இடங்களில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வழியை அடைத்திருப்பார்கள், சாலையில் இறங்கித்தான் ஏற வேண்டும். ஓரத்தில் ஆழமான சாக்கடை இருக்கும். முழங்கால் விஷயத்தில் எனக்குக் கவலை இந்தப் படிகள்தான், தூரம் அல்ல. செருப்பு பிடிமானமாக இருக்கட்டும்.

மகன் அனுப்பிய வரைபடத்தை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஓவியங்கள் மோசமில்லை. 2012இல் லிதுவேனியக் கலைஞர் எர்னஸ்ட் ஸாகரேவிச் வரைந்த குழந்தைகள், நிஜ சைக்கிள் ஒன்றைச் சுவரோடு பொருத்தி, அழகாகவே இருக்கும். ஆனால் அதன் முன்னால் படமெடுக்க வரிசை நிற்கிறது. அடுத்த ஓவியம் எங்கே என்று கைப்பேசியைப் பார்த்தே நடப்பவர் எதிர்க்கடையில் தச்சர் வேலை செய்வதைப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட கடைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 முடிவோடு போனது. வாடகை ஏறி, தலைமுறையாக இருந்தவர்கள் வெளியேறினார்கள். பிறகு யுனெஸ்கோ பெயரும் சேர்ந்து, காலியான பல வீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் ஆகிவிட்டன. புதுச் சாயம் பளபளக்கிற முகப்புகளுக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

வெல்ட் கீயில் சீனக் குலத்தார் கடலுக்குள் கால் நட்டுக் கட்டிய துறை வீடுகளுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். சியூ துறை பெரியது, கூட்டமும் அங்கேதான். பலகை நடையின் இரு புறமும் மக்கள் குடியிருக்கும் வீடுகள். வாசலில் "படமெடுக்காதீர்" என்று எழுதியிருந்தால் அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

காலை ஏழிலிருந்து பத்தரை வரை, பிறகு மாலை ஐந்துக்கு மேல் நடங்கள். நடுவில் தூங்குங்கள். பள்ளிவாசலை உள்ளே போய்ப் பார்க்க நினைத்தால் வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள்.

சாப்பாடு. நாசி கண்டார் என்ற சோறு–குழம்புச் சாப்பாடு நம் ஆட்கள் காவடியில் சோறும் குழம்பும் சுமந்து விற்றதில் பிறந்தது. நீங்கள் அசைவம் என்றால் விடாதீர்கள். "குவா சம்பூர்" என்றால் எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுவார்கள். தங்கைக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு உண்டு. சீனர் நடத்தும் சைவக் கடைகளும் ஊரில் உண்டு. அங்கே மீன், வாத்து என்று எழுதியிருப்பதெல்லாம் சோயாவும் மாவும்தான் என்று அவரிடம் முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.