லினக்ஸுக்கு எந்தப் பிரிண்டர் வாங்குவது?

கேள்வி: மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் வைத்திருக்கிறேன். பத்தாயிரம் ரூபாய்க்குள் பிரிண்டர் வேண்டும். எந்தக் கடையிலும் "லினக்ஸா? தெரியாதே" என்கிறார்கள்.

பதில்: லினக்ஸ் பேச்சையே எடுக்காமல், "ஏர்பிரிண்ட் உண்டா?" என்று மட்டும் கேளுங்கள். ஐபோனிலிருந்து அச்சிட ஆப்பிள் 2010-இல் கொண்டுவந்த முறை அது. ஐபிபி என்ற பொது நெறிமுறைதான் அதற்கு அடிப்படை. லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளுக்கும் அது தெரியும் என்பதால், வைஃபையில் இணைத்தால் அநேகமாக டிரைவர் என்ற தனி இயக்கு மென்பொருளே தேவைப்படாது. வைஃபை உள்ள எல்லாவற்றிலும் ஏர்பிரிண்ட் இருக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். விலை குறைந்த சில மாடல்களில் இருப்பதில்லை. ஆப்பிள் தளத்தில் உள்ள பட்டியலில் மாடல் எண்ணைச் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

யுஎஸ்பி மட்டும் போதுமென்றால், எப்சன் எல் வரிசை மை டேங்க் பிரிண்டர்கள் பலவற்றுக்கான டிரைவர் உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது. மாதம் நாலைந்து பக்கம்தான் அச்சிடுவீர்களா? அப்படியானால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். லேசரே நல்லது.

கேள்வி: பழைய கேனான் எல்பிபி2900 மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: உழைக்கும் இயந்திரம்தான், ஆனாலும் உங்களுக்கு வேண்டாம். போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் போன்ற பொதுமொழி தெரிந்த பிரிண்டர்கள் பக்கத்தைத் தாமே வடிவமைத்துக்கொள்ளும். இதுவோ அந்த வேலையைக் கணினியிடம் விட்டுவிட்டு, கேப்ட் என்ற தன் சொந்த மொழியில் வருவதை அச்சிடுவதோடு சரி. அதற்கான லினக்ஸ் டிரைவர் பழையது. புதிய பதிப்புகளில் நிறுவுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். எச்பி லேசர்ஜெட் 1020-உம் ஏறக்குறைய இதே ரகம். ஒவ்வொரு முறை மின்சாரம் போய்வந்த பிறகும் கணினிதான் அதற்கு உள்மென்பொருளை மறுபடி அனுப்ப வேண்டும்.

அதே பணத்துக்கு, அலுவலகங்கள் கழித்துக்கட்டும் போஸ்ட்ஸ்கிரிப்ட் லேசர் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். பின்னாளில் ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு இயங்குதளத்துக்கு மாறினாலும் அது கைவிடாது. 1980 வாக்கில் ஒரு லேசர் பிரிண்டரின் மூலநிரல் மறுக்கப்பட்டதுதான் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளரைக் கட்டற்ற மென்பொருள் (யாரும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடியது) பக்கம் தள்ளிய காரணங்களுள் ஒன்று. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு மாணவர் டிரைவருக்காக அல்லாடுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கேள்வி: பிரதர் எச்எல்-எல்2320டி லேசரை ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் இணைக்க முடியுமா?

பதில்: முடியும். நிறுவனம் தரும் லினக்ஸ் டிரைவர் இன்டெல் வகைச் சில்லுகளுக்கானது; பையில் இருப்பது ஆர்ம் சில்லு. ஆகவே அதை விட்டுவிட்டு, பிஆர்லேசர் என்ற திறந்த மூல டிரைவரை நிறுவுங்கள். பிறகு பையின் உலாவியில் லோக்கல்ஹோஸ்ட்:631 என்ற முகவரிக்குப் போனால் கப்ஸ் பக்கம் திறக்கும். பிரிண்டரை அங்கே சேர்த்துப் பகிர்ந்துவிட்டால், வீட்டிலுள்ள மற்ற கணினிகளிலிருந்தும் அச்சிடலாம்.

கேள்வி: ஸ்கேனரும் சேர்ந்த பிரிண்டர் வாங்கினால் ஸ்கேனும் வேலை செய்யுமா?

பதில்: ஏர்பிரிண்ட் உள்ளவற்றில் பெரும்பாலும் செய்யும். ஸ்கேன் செய்ய உதவும் சேன்-ஏர்ஸ்கேன் என்ற மென்பொருள் தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.