புரியாத கவிதைக்கு விருதா?

கேள்வி: இளங்கவிஞர்களுக்கு இப்போது அடுத்தடுத்து விருது கொடுக்கிறார்கள். எடுத்துப் படித்தால் யாப்பும் இல்லை, பொருளும் பிடிபடவில்லை. உரைநடையை உடைத்து அடுக்குவதற்கு இவ்வளவு கொண்டாட்டம் தேவையா? இன்னும் கொஞ்சம் எழுதிப் பழகட்டும், பிறகு பாராட்டலாமே!
– ஒரு வாசகர், சேலம்

பதில்: தேவை. இன்னும் சீக்கிரமாகவே பாராட்ட வேண்டும் என்பேன்.

'நடை' என்ற சிற்றிதழ் 1968இல் உங்கள் சேலத்திலிருந்துதான் வந்தது. அதில் முன்னின்று எழுதியவர் கவிஞர் சி. மணி. அதற்கு முன்பே 'எழுத்து' இதழில் 'நரகம்' என்ற நெடுங்கவிதையை எழுதிப் யாப்பை விட்ட புதுக்கவிதையின் எல்லையை விரித்தவர். அவரே செல்வம் என்ற பெயரில் 'யாப்பும் கவிதையும்' என்ற நூலையும் எழுதினார். யாப்பை விட்டவர்களுக்கு யாப்பு தெரியாது என்று தீர்ப்பு எழுதுமுன் அந்த நூலை ஒருமுறை புரட்டுங்கள்.

யாப்புக்குள்ளே நின்றவர்கள் மட்டும் சோதனை செய்யாமலா இருந்தார்கள்? 'யாமாமாநீ' என்று தொடங்கும் சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தை முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதான். உரை இல்லாமல் நம்மில் எத்தனை பேருக்கு அது விளங்கும்? இருந்தும் திருமுறையில் வைத்து ஓதுகிறோம். இத்தகைய சித்திரகவிகளுக்கு, அதாவது எழுத்து விளையாட்டுக் கவிதைகளுக்கு, தண்டியலங்காரம் என்ற அணி நூல் இலக்கணமே சொல்கிறது. சம்பந்தருக்குக் காட்டும் பொறுமையில் கொஞ்சத்தை இன்று எழுதுகிறவருக்கும் காட்டலாம்.

உங்கள் கேள்வியில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது, 'பிறகு பாராட்டலாமே' என்ற கடைசி வரிதான். ந. பிச்சமூர்த்தி 1934இல் 'மணிக்கொடி' இதழில் யாப்பில்லாத கவிதையை எழுதத் தொடங்கினார். பிறகு பல ஆண்டுகள் கவிதையையே விட்டிருந்தார். 1959இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து'வைத் தொடங்கி, பிச்சமூர்த்தியின் பழைய கவிதையை எடுத்து மறுபடி அச்சிட்ட பிறகுதான் அந்த ஊற்று திரும்பவும் திறந்தது. அதைப் பார்த்து இளைஞர்கள் எழுத வந்தார்கள். திருகோணமலையிலிருந்து எழுதிய தருமு சிவராமுவுக்கு, அதாவது பிற்காலத்துப் பிரமிளுக்கு, அப்போது வயது இருபதுதான். செல்லப்பா 'பழகிவிட்டு வா' என்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை. 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் திரட்டிப் 'புதுக்குரல்கள்' என்று தொகுப்பும் போட்டார். பணமுடிப்பு, மேடை எதுவும் இல்லாத பாராட்டு அது. இன்று நாம் பெயர் சொல்லும் பல கவிஞர்கள் அந்தத் தொகுப்பில் இருக்கிறார்கள்.

கவிஞர் ஆத்மாநாம் 1984இல் இறந்தபோது அவருக்கு 33 வயது. உயிரோடு இருந்த காலத்தில் வந்தது 'காகிதத்தில் ஒரு கோடு' என்ற ஒரே தொகுப்புதான். 'பிறகு' என்று ஒத்திப்போட அவரிடம் காலம் இருக்கவில்லை.

அதனால்தான் சாகித்திய அகாதெமி 2011 முதல் 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு யுவ புரஸ்கார் விருது தருவதை வரவேற்கிறேன். 2019இல் அது சபரிநாதனின் 'வால்' தொகுப்புக்குக் கிடைத்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அவருக்கு இளங்கவிஞர்களுக்கான குமரகுருபரன்-விஷ்ணுபுரம் விருதை வழங்கியிருந்தார்கள். அந்த விழாவில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், கவிஞரை வாசகர் முன் உட்காரவைத்துக் கேள்வி கேட்பது. இளைஞனுக்குச் சால்வையைவிட அந்தக் கேள்விகள்தான் வேண்டும்.

வரியை மடக்கிப் போட்டதெல்லாம் கவிதை ஆகிவிடாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். எங்கள் மேசைக்கு வருவதிலேயே பாதிக்கு மேல் அப்படித்தான். பதரைத் தூற்றத்தான் வேண்டும். தூற்றுகிறவர் நெல்லையும் சேர்த்து வீசிவிடக் கூடாது. விருதுக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள்: 'புதிய வீச்சு', 'தனித்த குரல்' என்று முடித்துவிடாதீர்கள். எந்தக் கவிதை, அதில் எந்த வரி, இதுவரை தமிழில் நடக்காத எது அங்கே நடந்திருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். அது இருந்தால் சேலத்து வாசகருக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

உங்களுக்குப் பிடிபடாத கவிதை எது என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. அதன் பெயரையும் கவிஞர் பெயரையும், எந்த வரியில் தடுக்கியது என்பதையும் எழுதுங்கள். அடுத்த இதழில் இதே பக்கத்தில் அந்தக் கவிதையை வரிவரியாகப் பேசுவோம்.