19-ஆ, 76-ஆ? ரம்மி கேள்வி – பதில்

கேள்வி: நேற்று ராத்திரி ஆட்டத்தில் ஜோக்கர் (எந்தச் சீட்டுக்கும் பதிலாக நிற்கக்கூடிய சீட்டு) 3. அண்ணன் ஷோ காட்டியபோது (13 சீட்டையும் சேர்த்து முடித்து விரித்தபோது) என் கையில் கிளாவர் 4-5-6 ஒரிஜினல் (ஜோக்கர் உதவியில்லாத சீக்வென்ஸ், அதாவது ஒரே ஜாதியில் அடுத்தடுத்த சீட்டுகள்) இருந்தது. மூன்று கிங் (ஸ்பேடு, ஆர்ட்டின், டைமண்ட்), மூன்று 9 (அதே மூன்று ஜாதி), இது போக ஆர்ட்டின் 2, டைமண்ட் 7, ஸ்பேடு குயின், ஒரு ஜோக்கர். சேராதது 2, 7, குயின் மட்டும்தானே, 19 பாயிண்ட் என்றேன். 76 என்று எழுதிவிட்டார்கள். எது சரி?
– வாசகி, காரைக்குடி

பதில்: நீங்கள் வைத்திருந்தபடி பார்த்தால் 76தான். தோற்றவர் கையில் கழியாத சீட்டுகளின் பாயிண்ட் அவர் கணக்கில் ஏறும், குறைவாக இருந்தால் நல்லது. ஒரிஜினலோடு இன்னொரு சீக்வென்ஸும் கையில் இருந்தால்தான் செட்டுகளை (ஒரே எண், வெவ்வேறு ஜாதி) எண்ணிக்கையிலிருந்து கழிக்கலாம். உங்களிடம் இரண்டாவது சீக்வென்ஸ் இல்லை. அதனால் கிளாவர் மூன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எண்ண வேண்டும். கிங் 30, ஒன்பது 27, மிச்சம் 19. ஜோக்கருக்குப் பூஜ்யம். மொத்தம் 76.

ஆனால் நீங்கள் 76 கொடுத்திருக்க வேண்டியதே இல்லை. டைமண்ட் 7 கையில் இருக்கிறது. டைமண்ட் 9 செட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை உருவி, நடுவில் ஜோக்கரை வைத்தால் 7-ஜோக்கர்-9 என்று இரண்டாவது சீக்வென்ஸ் வந்துவிடுகிறது. இப்போது கிங் செட்டும் செல்லும். உடைந்த செட்டில் மிஞ்சிய இரண்டு 9-க்கு 18, ஆர்ட்டின் 2, குயின் 10. ஆக 30. அழகான 9 செட்டை உடைக்க மனசு வராததற்கு விலை 46 பாயிண்ட். எதிராளி ஷோ காட்டிய பிறகும் உங்கள் சீட்டை எப்படி வேண்டுமானாலும் மாற்றி அடுக்கலாம். எண்ணிச் சொன்ன பிறகுதான் முடியாது.

சில வீடுகளில் ஒரிஜினல் ஒன்று இருந்தாலே செட்டையும் கழித்துவிடுவார்கள். அப்படி ஆடுவதில் தப்பில்லை. சீட்டுப் போடும் முன் பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் ஷோ காட்டிய பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

கேள்வி: ரம்மி நம் ஊர் ஆட்டமா, வெள்ளைக்காரன் கொண்டுவந்ததா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: சீட்டாட்டம் இங்கே பழசு. பாபர் 1527-ல் சிந்துவில் இருந்த ஷா ஹசனுக்குக் கஞ்சிபா சீட்டு அனுப்பியதாகத் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். வட்டவட்டமாக, கையால் வண்ணம் தீட்டிய சீட்டுகள் அவை. ஆனால் கஞ்சிபாவுக்கும் ரம்மிக்கும் உறவில்லை. கஞ்சிபாவில் பெரிய சீட்டைப் போட்டுப் பிடி எடுக்க வேண்டும். ரம்மியில் எடுத்து, சேர்த்து, கழிக்க வேண்டும். இரண்டும் வேறு குடும்பம்.

ரம்மிக் குடும்பத்தின் மூத்த ஆட்டமாகப் பெரும்பாலானவர்கள் காட்டுவது கான்கியன். 19-ஆம் நூற்றாண்டில் மெக்ஸிகோவிலும் அதை ஒட்டிய அமெரிக்கப் பகுதிகளிலும் 40 சீட்டை வைத்து இரண்டு பேர் ஆடியது. அங்கிருந்து கிளைத்தவற்றில் பேர் வாங்கியது ஜின் ரம்மி. நியூயார்க்கில் எல்வுட் பேக்கர் என்பவர் 1909-ல் அதை வகுத்தார். நாம் ஆடுவது இவற்றின் தம்பி முறை. 13 சீட்டு, இரண்டு கட்டு, வெட்டி எடுக்கும் ஜோக்கர், ஒரிஜினல் கட்டாயம் என்ற இந்தச் சேர்க்கை இந்தியாவில் ஊறிப்போனது. ஜோக்கரே கட்டுக்குள் தாமதமாக வந்து சேர்ந்த ஆள்தான். 1860-களில் அமெரிக்கர்கள் யூக்கர் என்ற ஆட்டத்துக்காகச் சேர்த்தது.

கேள்வி: ஜோக்கர் 8. என்னிடம் ஆர்ட்டின் 7-8-9. இதில் ஜோக்கர் இருப்பதால் ஒரிஜினல் ஆகாது என்கிறார் மாமனார்.
– வாசகி, தாம்பரம்

பதில்: ஆகும். ஆர்ட்டின் 8 அதன் சொந்த இடத்தில், சொந்த ஜாதியில் உட்கார்ந்திருக்கிறது. ஜோக்கராக வேலை செய்யவில்லை. அதுவே ஸ்பேடு 8 ஆக இருந்திருந்தால் மாமனார் பக்கம்.

கேள்வி: ஸ்கூட் (கையை ஆடாமலே போட்டுவிடுவது) எப்போது விடுவது? நான் எப்போதும் ஆடிப் பார்க்கலாமே என்று இருந்து ஃபுல் வாங்குகிறேன்.
– வாசகர், நாமக்கல்

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுங்கள். ஏஸிலிருந்து கிங் வரை ஒரு ஜாதி முழுதும் எண்ணினால் 94 பாயிண்ட் (ஏஸ், ஜாக், குயின், கிங் தலா 10). சராசரியாக ஒரு சீட்டுக்கு 7-க்குக் கொஞ்சம் மேல். ஆக, சேராத 13 சீட்டு சாதாரணமாகவே 80-ஐத் தாண்டும். 80-க்கு மேல் எழுதுவதில்லை என்பதால்தான் அது ஃபுல். ஒரிஜினல் இல்லாமல் மாட்டினால் ஃபுல்லோ, அதை ஒட்டியோதான் வரும். ஒரிஜினல் வந்துவிட்டதே என்று மூச்சு விடுகிறவர்களுக்கும் ஒரு சேதி. இரண்டாவது சீக்வென்ஸ் வரும்வரை மிச்சம் 10 சீட்டும் எண்ணிக்கையில்தான், சராசரியில் அதுவே 72.

ஸ்கூட் 20, ஃபுல் 80. நான்கு ஸ்கூட் சேர்ந்தால் ஒரு ஃபுல். ஆகவே இந்தக் கையை ஆடினால் நாலில் ஒரு தடவைக்கு மேல் ஒரிஜினல் இல்லாமல் மாட்டுவோம் என்று தோன்றினால் முதலிலேயே விட்டுவிடுவது லாபம். நடைமுறையில் மூன்று விஷயம் பார்த்தால் போதும்: ஒரிஜினல் தயாரா? ஜோக்கர் இருக்கிறதா? 6-7 மாதிரி இருபக்கமும் சேரக்கூடிய ஜோடி குறைந்தது இரண்டு தேறுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் யோசிக்கவே வேண்டாம். ஜோக்கர் மட்டும் இருந்து மற்ற இரண்டும் இல்லாத கைதான் ஆளை ஏமாற்றும். ஜோக்கரால் ஒரிஜினலைச் செய்ய முடியாதே.

ஆள் எண்ணிக்கையையும் பாருங்கள். ஆறு பேர் ஆடினால் பங்கிட்ட பிறகு கட்டில் மிஞ்சுவது 26 சீட்டுதான். ஆளுக்கு நாலு இழுப்பிலேயே கட்டு ஏறத்தாழத் தீர்ந்துவிடும், அதற்குள் யாராவது ஷோ காட்டிவிடுவார்கள். அங்கே கை சுமாராக இருந்தாலே விடலாம். இரண்டு பேர் ஆட்டத்தில் இவ்வளவு பயம் வேண்டாம்.

101 ஆட்டமென்றால் இன்னொரு நுணுக்கம் உண்டு. 101 தொட்டால் அவுட். 60-ல் இருப்பவருக்கு இரண்டு ஸ்கூட் மிச்சம்: 80, அப்புறம் 100. 61-ல் இருப்பவருக்கு ஒன்றுதான், இரண்டாவது விட்டால் 101. ஒரு பாயிண்டில் ஒரு ஸ்கூட் போகிறது. 20, 40, 60, 80 ஆகிய எண்களை அடுத்து நிற்கும்போது கையில் ஒரு 5-க்குப் பதில் 4-ஐ வைத்திருப்பது வீண் சிக்கனம் அல்ல.

கேள்வி: எந்தச் சீட்டைக் கழிப்பது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. நான் போடுவதையெல்லாம் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொள்கிறார்.
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: பிரச்சினையின் பாதி உங்கள் இரண்டாவது வாக்கியத்திலேயே இருக்கிறது. நீங்கள் போடும் சீட்டை எடுக்க உரிமை உள்ளவர் ஒருவர்தான்: அடுத்து ஆடுகிறவர். மேசையில் ஐந்து பேர் இருந்தாலும் கழிக்கும்போது நீங்கள் படிக்க வேண்டிய முகம் ஒன்றுதான். அவர் ஸ்பேடு 8-ஐ ஓப்பனிலிருந்து (கழித்த சீட்டு கிடக்கும் இடத்திலிருந்து) எடுத்தாரா? ஸ்பேடு 6, 7, 9, 10, வேறு ஜாதி 8 எல்லாம் அவருக்குப் பால் வார்ப்பது. அவர் ஸ்பேடு 9-ஐக் கழித்தாரா? ஸ்பேடு 10, வேறு 9 எல்லாம் ஓரளவு பத்திரம். ஓரளவுதான். இரண்டு கட்டு என்பதால் அதே ஸ்பேடு 9 இன்னொன்று அவரிடம் இருக்கலாம்.

அடுத்தது ஜோக்கரின் பக்கத்துச் சீட்டுகள். ஜோக்கர் 5 என்றால், 4-ஐயும் 6-ஐயும் பலரும் சேர்ப்பதில்லை. 4-5-6 போட ஒரு ஜோக்கரை அதன் சொந்த இடத்தில் முடக்க வேண்டும், அதற்கு மனம் வராது. எனவே அவை கழிக்கவும் பத்திரம், உங்கள் கையில் இருந்தாலும் பெரிய பயனில்லை.

கிங், குயின் மாதிரிப் பெரிய சீட்டு துணையில்லாமல் இருந்தால் முதல் இரண்டு சுற்றிலேயே போக வேண்டும். எல்லோரும் அப்படியே செய்வார்கள் என்று தெரிந்து கிங்கைச் சேர்க்கும் ஆசாமியும் உண்டு. அவர் உங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தால் வரிசையை மாற்றுங்கள்.

இனி எதை வைத்துக்கொள்வது. ஆர்ட்டின் 6-7 கையில் இருந்தால் 5-ம் 8-ம் சேரும். இரண்டு கட்டில் மொத்தம் 4 சீட்டு. 6-8 என்று நடு ஓட்டையாக இருந்தால் 7 மட்டும், 2 சீட்டு. ஸ்பேடு 7, ஆர்ட்டின் 7 ஜோடிக்கு டைமண்டும் கிளாவரும்தான் சேரும், 4 சீட்டு. (இன்னொரு ஸ்பேடு 7 வந்தால் செல்லாது. ஒரே ஜாதி இரண்டு தடவை செட்டில் வரக் கூடாது.) இப்போது ஆர்ட்டின் 7, ஆர்ட்டின் 8, ஸ்பேடு 7 என்று முக்கோணமாக வைத்துப் பாருங்கள். ஆர்ட்டின் 6, ஆர்ட்டின் 9, டைமண்ட் 7, கிளாவர் 7 என எட்டுச் சீட்டு சேரும். மூன்றாவது சீட்டு ஒன்றால் வாய்ப்பு இரட்டிப்பு. நன்றாக ஆடுகிறவர்கள் ஆட்டத்தின் தொடக்கத்தில் ஜோடிகளாக வைப்பதில்லை, இப்படி முக்கோணமாக வைப்பார்கள். தேவையான ஆர்ட்டின் 9 இரண்டும் கீழே விழுந்துவிட்டதைப் பார்த்த பிறகும் அதற்காகக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த உத்தியும் உதவாது.

ஓப்பன் சீட்டை எடுப்பதில் கஞ்சனாக இருங்கள். ஒரு சீக்வென்ஸோ செட்டோ முடிகிறது என்றால் எடுங்கள். வெறும் ஜோடி சேர்க்க எடுத்தால் உங்கள் கையை மேசையில் விரித்ததற்குச் சமம்.

தூண்டில் போடுவதும் உண்டு. உங்களுக்கு ஸ்பேடு 9 வேண்டும், கையில் உதவாத ஆர்ட்டின் 9 இருக்கிறது. அதைக் கழியுங்கள். உங்களுக்கு முந்திய ஆள் ‘இவருக்கு 9 வேண்டாம்’ என்று நினைத்து ஸ்பேடு 9-ஐ விடக்கூடும். ஒரே ஆளிடம் அடிக்கடி செய்தால் பலிக்காது.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒருவருக்கே சேர்ந்தாற்போல நல்ல கை வருகிறது. கலைப்பதில் கோளாறா?
– வாசகி, சேலம்

பதில்: பெரும்பாலும் ஆமாம். ரம்மியில் சீட்டு சேர்ந்த நிலையிலேயே கட்டுக்குத் திரும்புகிறது: 7-8-9 ஒட்டியபடி, மூன்று கிங் ஒட்டியபடி. கையில் பிடித்துக் கொத்துக் கொத்தாக மேலே தட்டிவிடும் நம் வழக்கமான கலைப்பில் பக்கத்துச் சீட்டுகள் பெரும்பாலும் பிரிவதில்லை. போதாக்குறைக்கு, அவசரத்தில் மூன்று மூன்றாகப் பங்கிட்டால் ஒட்டிய சீட்டு அப்படியே ஒருவர் கைக்குப் போகும்.

கட்டு முழுவதையும் மேசையில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் அரை நிமிடம் நன்றாகக் குழப்புங்கள். பிறகு இரண்டாகப் பிரித்து, ஓரங்களைச் சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று இறக்கிக் கலையுங்கள். ஒரு கட்டுக்கு 7 தடவை வேண்டும் என்று 1992-ல் வெளியான கணித ஆய்வில் பேயரும் டயகோனிஸும் காட்டினார்கள். இரண்டு கட்டுக்கு இன்னும் இரண்டொன்று கூடுதல். வெட்டிய பிறகு ஒவ்வொரு சீட்டாகப் போடுங்கள். அதற்குப் பிறகும் அவருக்கே வந்தால் அதிர்ஷ்டம்.

கேள்வி: எத்தனை பேருக்கு எத்தனை கட்டு? ஜோக்கரே வராமல் கை வருவது சகஜமா?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: இரண்டு பேருக்கு ஒரு கட்டு போதும். மூன்றிலிருந்து ஆறு வரை இரண்டு கட்டு, அதற்கு மேல் மூன்று. இரண்டு கட்டில் கட்டுக்கு ஓர் அச்சு ஜோக்கர் (ஜோக்கர் படமே அச்சிட்ட சீட்டு) வைத்தால் 106 சீட்டு. வெட்டி எடுத்த ஜோக்கர் வெளியே கிடப்பதால் அதே எண்ணில் 7-ம் அச்சு ஜோக்கர் 2-ம் சேர்த்து 9 ஜோக்கர் ஆட்டத்தில் இருக்கும். அந்தக் கணக்கில் நூறு கைக்கு ஏறத்தாழ 29 கை ஜோக்கர் இல்லாமல்தான் வரும். சகஜம்தான்.

கேள்வி: வீட்டில் காசு வைத்து ரம்மி ஆடினால் சூதாட்டமா?
– வாசகர், மதுரை

பதில்: சத்தியநாராயணா வழக்கில் (1968) உச்ச நீதிமன்றம் மூன்று சீட்டு என்ற ஆட்டத்தையும் ரம்மியையும் பிரித்துப் பார்த்தது. விழுந்த சீட்டை நினைவில் வைக்கவும், எதை வைப்பது எதைக் கழிப்பது என்று முடிவு செய்யவும் திறமை வேண்டும் என்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. ஆனால் இடம் கொடுப்பவர் பந்தயப் பணத்தில் லாபம் பார்த்தால் கதை வேறு என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. செல்போனில் ஆடுவது தனி விவகாரம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. வீட்டு ஆட்டத்துக்குப் புளியங்கொட்டை போதும்.

கேள்வி: ஒருவர் ஷோ என்றதும் மற்றவர்கள் சீட்டைக் கலைத்துவிட்டார்கள். பார்த்தால் அவர் ஷோ தப்பு. இப்போது என்ன செய்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தப்பு ஷோவுக்கு அவருக்கு 80, மற்றவர்களுக்குப் பூஜ்யம், புதுச் சீட்டு. ஷோவைச் சரிபார்க்கும்வரை யாரும் கையைக் கீழே போடக் கூடாது. தப்பு ஷோவில் அதிகம் கண்ணில் படுவது, செட்டில் ஒரே ஜாதி இரண்டு தடவை வருவதுதான். கறுப்பு ஜாதி இரண்டும் மங்கலான விளக்கில் ஒன்று போலவே தெரியும்.

கேள்வி: கிங்-ஏஸ்-2 சீக்வென்ஸ் ஆகுமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: ஆகாது. ஏஸ்-2-3 ஆகும், குயின்-கிங்-ஏஸ் ஆகும்.